"பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் சொன்ன பிறகு என்ன செய்வது?

கேட்டவர் மடிப்பாக்கத்துக்காரர். அவர் கேள்வியின் சுருக்கம்: "எங்கள் பக்கத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும், பஸ் வேண்டும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அமைச்சர்கள் 'பரிசீலனையில் உள்ளது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தக் கேள்வி நேரத்தால் யாருக்காவது எதுவாவது நடந்திருக்கிறதா? எங்களைப் போன்றவர்கள் இதில் என்ன செய்ய முடியும்?"

நடந்திருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் கோட்டையில் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து கேள்வி நேரத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு, கேள்வி எழுத உதவி கேட்ட சில உறுப்பினர்களுக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்த ஒன்று. காட்டுப்பன்றிகள் பயிரை அழிக்கின்றன என்று மலையோர மாவட்டங்களின் உறுப்பினர்கள் வருஷக்கணக்கில் பேரவையில் கேட்டார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் கேட்டார்கள். 'இழப்பீடு வழங்கப்படுகிறது' என்பதுதான் வழக்கமான பதில். விடாமல் கேட்டதில் 2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் பேரவையிலேயே தூரக் கணக்கோடு பதில் சொன்னார். காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை வந்தால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது எனக்கு உவப்பான விஷயம் இல்லை. ஆனால் ஒரு விவசாயி இன்று வனச்சரகரிடம் போய், 'என் நிலம் காட்டிலிருந்து இத்தனை தூரம், நீங்கள் செய்ய வேண்டியது இது' என்று சொல்ல முடிகிறது. பொத்தாம் பொதுவாக இருந்த ஒரு பதிலை, எண் உள்ள பதிலாக மாற்றியது அந்தக் கேள்விகள்தான்.

மந்திரிகள் எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். மேடையில் பேசியதை மறுநாள் மறுக்கலாம். பேட்டியில் கேள்வி பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். பேரவையில் சொன்ன பதில் அச்சில் ஏறுகிறது, அங்கேயே நிற்கிறது. 1892-ல்தான் இந்த நாட்டின் சட்டசபைகளில் அரசைக் கேள்வி கேட்கும் உரிமையே கிடைத்தது. கிடைத்த பதிலை வைத்து மேலே கேட்கும் துணைக் கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் அவ்வளவு தயங்கித் தயங்கிக் கொடுத்தான் என்றால் அதில் ஏதோ பலம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, பிறகு ஏன் உங்கள் பகுதிக் கேள்விகளுக்கு மட்டும் பதில் வழுக்கிக்கொண்டு போகிறது? என் அனுபவத்தில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: கேள்வி தப்பான துறைக்குப் போகிறது, அல்லது மூன்று துறைகளுக்கு நடுவில் விழுந்துவிடுகிறது.

இதை நான் புரிந்துகொண்டது கோட்டையில் இல்லை, கிளாம்பாக்கத்தில். 2024-ல் ஒரு நாள், விடிய இன்னும் நேரம் இருந்தது. திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சள் பை, பைக்குள் பாலிதீன் கவரில் சுற்றிய எக்ஸ்ரே. "தம்பி, சென்ட்ரல் போற வண்டி எங்கப்பா நிக்கும்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும், எட்டு மணிக்குள்ள ஓ.பி. சீட்டு வாங்கணும்" என்றார். இறங்கிய இடத்திலிருந்து மாநகரப் பஸ் நிற்கும் இடத்துக்கு அவரோடு நடந்தேன். மூட்டு வலிக்காரர், இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். கோயம்பேட்டில் இறங்கிய காலத்தில் ஆஸ்பத்திரி பக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் வந்ததும் பையை முதலில் படியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறினார்.

அந்த அம்மாவின் கஷ்டத்தை யாரிடம் கேட்பது? 2023 டிசம்பர் 30-ல் திறந்த அந்த நிலையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அது வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. அங்கிருந்து ஊருக்குள் வரும் பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது, அதற்குப் போக்குவரத்துத் துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓடும் ரயிலும் ரயில் நிலையமும் தெற்கு ரயில்வே, அதைக் கோட்டையில் கேட்டுப் பயனில்லை, டெல்லியில்தான் கேட்க வேண்டும். மெட்ரோவை அங்கே நீட்டிப்பது என்றால் மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து நடத்தும் நிறுவனம். ஒரு பயணி, நான்கு அலுவலகங்கள். 'கிளாம்பாக்கத்தில் மக்கள் படும் சிரமத்தைப் போக்க அரசு ஆவன செய்யுமா?' என்று மொத்தமாகக் கேட்டால், நான்கு பேரும் அடுத்தவர் பக்கம் கைகாட்ட இடம் கிடைத்துவிடும். 'அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரை கிளாம்பாக்கத்திலிருந்து அரசு பொது மருத்துவமனை வழியாகச் செல்லும் மாநகரப் பேருந்துகள் எத்தனை, இடைவெளி எவ்வளவு?' என்று போக்குவரத்து அமைச்சரிடம் கேட்டால், எண்ணைத் தவிர வேறு எதையும் பதிலாகச் சொல்ல முடியாது.

உங்கள் ஆஸ்பத்திரி விஷயத்தில் நடந்ததும் இதேதான் என்று நினைக்கிறேன். மடிப்பாக்கம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்த வருஷம் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள், உங்களுடையது அதில் ஒன்று. மாநகராட்சிக்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்துவது மாநகராட்சி. அமைச்சர் என்று பார்த்தால் நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர். மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரிடம் கேட்டால் அவருக்குக் கிடைக்கும் எளிய பதில், 'கருத்துரு ஏதும் இல்லை' என்பது. பொய் இல்லை, அவர் மேசையில் அந்தக் கோப்பு இருக்கவே இருக்காது. கிராமப்புறத்தில் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவு. நகரத்தில் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவு 50,000 பேருக்கு ஒன்று. இந்த 50,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு, 'எங்கள் வார்டுகளில் இப்போது மக்கள் தொகை எவ்வளவு, நிலையம் எத்தனை, அதில் டாக்டர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை?' என்று கேட்க வேண்டும். 'ஆஸ்பத்திரி வேண்டும்' என்பது கோரிக்கை. 'உங்கள் அளவுகோலின்படியே இத்தனை குறைகிறது' என்று கேட்டால்தான் அமைச்சர் பதிலை மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொது சுகாதாரத்தில் இந்த மாநிலத்துக்குச் சட்டமே வலுவானது. 1939-ல் மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தபோது நாட்டில் வேறு எங்கும் அப்படி ஒன்று இல்லை. 1990-களில் மருந்து வாங்க மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பித்தார்கள், மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம், அதே வருஷம் டிசம்பரில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான இன்னுயிர் காப்போம் திட்டம். நல்ல அமைப்பு இருக்கிற இடத்தில்தான் கூர்மையான கேள்விக்கு வேலை அதிகம். கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தக் கணக்கு பீரோவில் தூங்கும்.

பள்ளிக்கரணைக்கு வருகிறேன். இதில் எனக்கு நிதானமாக எழுத வரவில்லை, மன்னியுங்கள். உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற ராம்சர் தகுதி 2022-ல் கிடைத்த 1,247 ஹெக்டேர் அது. பூநாரையைப் பார்க்க ஜனங்கள் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி நிற்கிறார்கள். அந்த ரோடே சதுப்பை அறுத்துக்கொண்டுதான் போகிறது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு மாநகராட்சியுடையது. நடுவில் வனத்துறை. சாலை ஒரு துறை, வெள்ளநீர்க் கால்வாய் இன்னொரு துறை, சுற்றிலும் கட்டட அனுமதி வளர்ச்சிக் குழுமம். உங்கள் வீட்டுக் கொசுவும், வேளச்சேரி ரோட்டில் தேங்கும் தண்ணீரும், அந்தப் பூநாரையும் ஒரே நிலத்தின் மூன்று முகங்கள். கேள்விப் பட்டியலிலோ அவை மூன்று வெவ்வேறு நாளில், மூன்று அமைச்சரிடம் வரும். அதனால்தான் 'சதுப்பு நிலத்தைப் பாதுகாக்க அரசு முன்வருமா?' என்ற கேள்விக்கு, 'ஆம், பாதுகாக்கப்படுகிறது' என்று பதில் சொல்லிவிட முடிகிறது.

கடல் பக்கமும் இதே கதை. 2025 ஜனவரியில் பெசன்ட் நகர் மணலில் காலையில் நடந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பங்குனி ஆமைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. நான் பார்த்த ஒன்று முட்டையிட வந்த பெண் ஆமை. கண் இரண்டும் வெளியே பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. இழுவலையில் மாட்டி மூச்சுத்திணறிச் செத்தால் அப்படி ஆகும் என்று பக்கத்தில் நின்ற தன்னார்வலர் பையன் சொன்னான். சொல்லிவிட்டு ஆமையோட்டின் நீளத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்ததற்கு நடந்தான். அந்தப் பருவத்தில் ஆயிரத்துக்கும் மேல் இறந்து ஒதுங்கின. ஆமை வனத்துறையின் பொறுப்பு. படகு மீன்வளத் துறையின் பொறுப்பு. 1983-ஆம் வருஷத்து கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. அப்படியென்றால் கேள்வி, 'ஆமையைக் காக்க நடவடிக்கை என்ன?' என்று வனத்துறையிடம் போகக்கூடாது. 'ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரையில் எல்லை தாண்டிய விசைப்படகுகள் மீது போட்ட வழக்கு எத்தனை, அபராதம் எவ்வளவு, ரோந்துப் படகு எத்தனை நாள் கடலுக்குப் போனது?' என்று மீன்வளத் துறையிடம் போக வேண்டும். சின்னப் படகு மீனவர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். அவர்கள் வலையையும்தான் அந்த விசைப்படகுகள் கிழிக்கின்றன.

இனி அவைக்குள் நடப்பது. கேள்வி நேரம் காலையில் முதல் ஒரு மணி நேரம். ஆளுநர் உரை நாளிலும் பட்ஜெட் நாளிலும் கிடையாது. உறுப்பினர் எழுதிக் கொடுத்த மூலக் கேள்விக்குத் துறை தயாரித்த பதிலை அமைச்சர் வாசிப்பார். இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உண்மையான கணம் அடுத்து வரும் துணைக் கேள்வி. அதற்கு அமைச்சர் கையில் தாள் கிடையாது. அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் மாடத்தைப் பாருங்கள், ஒருவர் அவசரமாகத் துண்டுச் சீட்டில் எழுதுவார், அது அமைச்சர் கைக்குப் போய்ச் சேரும். அந்தச் சீட்டு போகிற அரை நிமிஷத்தில், துறைக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று மேலே இருக்கும் எங்களுக்கு விளங்கிவிடும். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. ஒருநாள் முழுதாகப் பாருங்கள். வேண்டிக்கேட்டுச் சொல்கிறேன்.

அந்தத் துணைக் கேள்வி வாய்ப்பை நம் உறுப்பினர்கள் வீணாக்குவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தலைவரைப் பாராட்டி, தொகுதி மக்கள் சார்பில் நன்றி சொல்லி, பழைய ஆட்சியைக் குறை சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தால் அவர்கள் கொடுத்த கேள்விகள் அன்று கேட்க ஆளில்லாமல் கிடக்கும். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று இல்லை, எல்லா ஆட்சியிலும் பார்த்தேன். பேரவை விதி 110-ன் கீழ் முதல்வரோ அமைச்சரோ வாசிக்கும் அறிவிப்பும் அப்படித்தான். பெரிய திட்டமாக இருக்கும், ஆனால் அந்த விதியில் விவாதமே கிடையாது. அறிவித்த மறுமாதம் அதையே மூலக் கேள்வியாக்கி, 'நிதி ஒதுக்கியாகிவிட்டதா, நிலம் எடுத்தாகிவிட்டதா?' என்று கேட்கும் உறுப்பினர்கள் சிலர் உண்டு. அவர்கள்தான் என் கண்ணுக்கு நல்ல உறுப்பினர்கள்.

அப்புறம், நீங்கள் வெறுக்கும் அந்த வார்த்தை, 'பரிசீலனையில் உள்ளது'. அது வெற்று வார்த்தை இல்லை. நாடாளுமன்றத்தில் எந்தெந்தச் சொற்கள் அமைச்சர் கொடுத்த உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளப்படும் என்று பட்டியலே இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்பது அந்தப் பட்டியலில் உண்டு. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பதும் அங்கே விதி. நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அவையில் அமைச்சர் கொடுத்த வாக்குறுதிகளைத் தொகுத்து, மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்வது அந்தக் குழுவின் வேலை. கலெக்டரையும் துறை அதிகாரிகளையும் உட்கார வைத்து, 'எது முடிந்தது, எது நிலுவை?' என்று வரிசையாகக் கேட்பார்கள். பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னச் செய்தியாக வரும். உங்கள் மாவட்டத்துக்கு அந்தக் குழு வருகிற தேதி தெரிந்தால், அமைச்சர் பதில் சொன்ன நாளையும் பதில் வாசகத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போய் மனு கொடுங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் பேரவையின் இணையதளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. தேடி எடுக்கப் பொறுமை வேண்டும், ஆனால் இருக்கின்றன.

பட்ஜெட் தொடரில் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) வரும் நாளில் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் அவையில் வைப்பார்கள். போக்குவரத்துத் துறையுடையதில் பஸ் எத்தனை, எவ்வளவு பழையது, தினம் எத்தனை பேர் பயணம் என்றெல்லாம் இருக்கும். 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் எத்தனை பேருக்கு உதவுகிறது என்பதும் அதில் வரும். கேள்விக்கான சரக்கு முழுக்க அரசே அச்சடித்துக் கொடுக்கிறது. போன வருஷப் புத்தகத்தையும் இந்த வருஷப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் குறைந்த இடத்திலும், ஒரு பத்தி காணாமல் போன இடத்திலும் கேள்வி இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. வழக்கு நடக்கும் விஷயத்தைப் பேரவையில் கேட்டால் கேள்வி ஏற்கப்படாமல் போகலாம். பள்ளிக்கரணைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் வழக்குகள் உண்டு. அதனால் எல்லை, கட்டட அனுமதி பக்கம் போகாமல், குப்பைமேடு, கால்வாய் தூர்வாரியது, கொசு மருந்து அடித்தது என்று வழக்கைத் தொடாத இடத்தில் கேளுங்கள். இரண்டாவது, வனவிலங்கு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள விஷயம், 1976-ல் 42-வது திருத்தத்தில் மாற்றினார்கள். ஒரு சரணாலயத்தின் எல்லையை மாற்றத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். 2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்கும் யோசனை வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியதே, அந்த மாதிரி விஷயத்தில் எம்.எல்.ஏ.வை மட்டும் நம்பி இருக்காதீர்கள், எம்.பி.யிடமும் போங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழியாகப் பதில் சொல்லும் கேள்வி 20-தான். ஆனால் எழுத்து மூலம் பதில் தருவது 230. எழுத்துக் கேள்வியே போதும், நமக்கு வேண்டியது பதிலில் இருக்கும் எண்.

உங்களுக்காக மூன்று கேள்வி எழுதிப் பார்த்தேன். உறுப்பினரிடம் கொடுக்க எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றவும் செய்யுங்கள்.

நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சருக்கு: மடிப்பாக்கம் பகுதி வார்டுகளில் இயங்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் எத்தனை, அவற்றில் மருத்துவர், செவிலியர் பணியிடங்களும் காலியிடங்களும் எத்தனை, 50,000 பேருக்கு ஒன்று என்ற அளவின்படி மேலும் எத்தனை தேவை, அவை எந்த நிதியாண்டில் அமைக்கப்படும்?

போக்குவரத்துத் துறை அமைச்சருக்கு: மடிப்பாக்கத்திலிருந்து காலை 8 மணிக்கு முன் அரசு பொது மருத்துவமனை செல்ல நேரடி மாநகரப் பேருந்து உண்டா, இல்லையெனில் கடைசியாக அப்படி ஒரு தடம் எப்போது இயங்கியது, அது நிறுத்தப்பட்ட காரணம் என்ன?

மீண்டும் நகராட்சி நிர்வாகத் துறைக்கு: பெருங்குடிக் குப்பைமேட்டில் அகழ்ந்து அகற்றிய பழைய குப்பை எத்தனை டன், மீதி எத்தனை, மீட்கப்பட்ட நிலம் எத்தனை ஏக்கர், அந்த நிலம் வனத்துறையிடம் ஒப்படைக்கப்படுமா, எனில் எப்போது?

கூட்டத்தொடர் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கேள்வி கொடுத்த நாளுக்கும் அது அவைக்கு வரும் நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடுவதுண்டு. இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். நான்கைந்து பேராகப் போங்கள், அதில் ஆஸ்பத்திரிக்குத் தினம் அலைகிறவர் ஒருவராவது இருக்கட்டும். துணைக் கேள்வி ஒன்றையும் தனித் தாளில் எழுதிக் கொடுத்து, 'அமைச்சர் இப்படிச் சொன்னால் இதைக் கேளுங்கள்' என்று விளக்குங்கள். உங்களிடம் வைத்துக்கொள்ளும் நகலில் தேதி போட்டு அலுவலகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அதில் எங்கே பிடி இருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.